அந்தியேட்டி மலரில் ஒரு கிணறு

எங்கள் சமூகத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். நினைவு மலர் என்பது அதன் இன்றைய பெயர். பழையவர்கள் கல்வெட்டு என்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிறகு உறவினர் ஒவ்வொருவர் பெயராலும் செய்யுளில் ஒரு புலம்பல். கடைசிப் பக்கத்தில், வந்தவர்களுக்கு ஏதாவது பயன் இருக்கட்டும் என்று, நீரிழிவுக்கான உணவுக் குறிப்பு. மெல்பேணில் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு முழுவதும் இவை சேர்ந்துவிட்டன. வெந்தயத்தைப் பற்றி நான் அறிந்தவை யாவும் இறந்தவர்கள் எனக்குச் சொல்லித் தந்தவை.

என் மனைவி மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில், ஒரு பிற்பகல், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கும் மலர் ஒண்டு அடிப்பியள்தானே?"

"அடிப்பன்" என்றேன். ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் கட்டத்தை நாங்கள் கடந்திருந்தோம்.

"புலம்பல் வேண்டாம். வெந்தயமும் வேண்டாம். என்ர கட்டுரையைப் போடுங்கோ. தமிழில போடுங்கோ. சனத்துக்கு விளங்கவேணும்."

"எந்தக் கட்டுரை?"

"அச்சில வராதது."

ஓம் என்று சொன்னேன். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட பொருள் அது என்பதால், மற்றவற்றுக்கு ஓம் என்று சொல்லிவிட்டு மறந்ததைப் போல இதை மறக்க இயலவில்லை.

அந்தக் கட்டுரை பதினொரு பக்கம். முழுவதும் பிரெஞ்சு. அவள் பாரிசில் படித்தவள். திருமணமாகி மெல்பேண் வந்த பின்னர், மேற்கு ஆபிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் சில வாரங்கள் சென்று வருவது அவளுடைய தொழிலாயிற்று. போர் நடக்கும் இடங்களுக்கு உலகம் ஒரு கையால் படையையும் மறு கையால் உதவியையும் அனுப்புகிறது. முன்னதற்குப் பாதுகாப்பு என்றும் பின்னதற்கு அபிவிருத்தி என்றும் பெயர். இவை இரண்டாலும் அங்குள்ளவர்களுக்கு ஏதாவது நன்மை விளைந்ததா என்று பார்த்து எழுதுவதே அவள் வேலை. கடைசிக் கட்டுரையை ஒரு பிரெஞ்சு சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கையோடு தன்னை மூடிக்கொண்டது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் நீரியல் கற்பித்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டு மணவாழ்வில் நான் கற்ற பிரெஞ்சு, அவள் தொலைபேசியில் யாரையோ மறுத்துப் பேசுகிறாள் என்பதை அறியும் அளவினது. கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன். அது தந்த தமிழில் சொற்கள் எல்லாம் இருந்தன. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் இல்லை. அவள் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது; அந்தியேட்டிக்கு என்னிடம் இருபத்தாறு நாட்கள் இருந்தன.

இதற்கிடையில் மனைவியின் தமக்கையார் மலர்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் வசிப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மரணச் சடங்குக்கு வந்து, என் குசினியில் அடுப்பு கிடந்த நிலையைப் பார்த்துவிட்டு, அந்தியேட்டிவரை தங்குவது என்று முடிவு செய்திருந்தார். அவர் வருவித்த முதல் ஆள் புலவர்.

புலவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மெல்பேணின் தென்கிழக்குப் பகுதியில் இறக்கும் தமிழர் அனைவருக்கும் அவரே செய்யுள் எழுதுகிறார். கதிரையில் அமர்ந்ததும் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"பிள்ளையள் எத்தினை பேர், சேர்?"

"பிள்ளைகள் இல்லை."

ஒரு வரியை வெட்டினார். "மருமக்கள்?" என்று கேட்கத் தொடங்கி, தாமே வெட்டினார். அடுத்த இரண்டையும் கேட்காமலே வெட்டிவிட்டு, படிவத்தைக் கவலையோடு நோக்கினார்.

"நாலு புலம்பல் போகுது. அப்ப உங்கடையைத்தான் நீட்டவேணும், சேர்."

மூன்றாம் நாள் அது வந்தது. மூன்று பக்கம். அதில் நான் மார்பில் அறைந்தேன், மண்ணில் உருண்டேன், காலனைப் பெயர் சொல்லித் திட்டினேன், 'பாலைநிலம் போய்வந்த பைங்கிளியே' என்று மனைவியை விளித்தேன். அவள் உயரமானவள், குரல் தடித்தவள். அவளைக் கிளி என்று அழைத்திருந்தால் என் உடல்நலத்தைத்தான் விசாரித்திருப்பாள்.

புலவரை அழைத்து, "நான் உருளவில்லை" என்று சொன்னேன்.

"அது செய்யுள் வழக்கு, சேர். உருளாத ஒரு புருசனை நான் இதுவரைக்கும் எழுதேல்லை."

"அவ புலம்பல் வேண்டாம் எண்டு சொன்னவ."

குசினிக்குள் இருந்து மனைவியின் தமக்கையார் சொன்னார்.

"சாகப்போற ஆக்கள் எல்லாரும் ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம், தம்பி. அதுக்காக விடுறதோ? செத்தவீட்டில நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. சனம் பாத்துக்கொண்டுதான் இருந்தது. புத்தகத்திலயாவது அழுங்கோவன்."

புலம்பல் மேசையில் கிடந்தது. நான் கட்டுரைக்குத் திரும்பினேன்.

உதவிக்குக் கிடைத்தவர் மனைவியின் தம்பி. அவர் பாரிசில் ஓர் உணவகத்தில் சமையற்காரர். அகதியாகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். நான் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். எங்கள் மாலை ஆறு மணி அவருடைய காலை. மதியச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கும் நேரம். தொலைபேசியைச் சட்டி அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக உரக்க வாசித்துத் தமிழில் சொல்லுவார். நான் எழுதுவேன்.

"அத்தான், முதலே சொல்லிப்போட்டன். எனக்கு ரெண்டு பிரெஞ்சுதான் தெரியும். ஒண்டு குசினிப் பிரெஞ்சு. மற்றது விசா ஒப்பிஸ் பிரெஞ்சு."

இரண்டாவது பெரிதும் பயன்பட்டது. என் மனைவி மேற்கோள் காட்டிய அரசாங்க அறிக்கைகள் முழுவதும் அந்த மொழியில்தான் இருந்தன. ஒரு நீண்ட தொடரை அவர் சற்றும் தயங்காமல் மொழிபெயர்த்தபோது வியந்தேன்.

"இது எனக்குப் பாடம், அத்தான். என்ர அகதி மனுவை நிராகரிச்ச கடிதத்தில ரெண்டாவது வரி."

அவருக்குத் தெரியாத சொற்களை, பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்பார். அவர் என் மனைவி எழுதிய அதே பகுதியைச் சேர்ந்தவர். இவ்வாறாக, பிரெஞ்சு பேசும் உலகத்தின் இரு பிரதிநிதிகள் வெங்காயத் தோலுக்கு நடுவில் நின்று பேச, மெல்பேணில் நான் அதைத் தமிழாக்கினேன்.

முதல் இரண்டு பக்கங்கள் எனக்கு மிகவும் நிறைவாக அமைந்தன. அவற்றைத் தமக்கையார் சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டு வாசித்தார். 'பாதுகாப்பு சார்ந்த தலையீடுகளுக்கும் அபிவிருத்தி சார்ந்த தலையீடுகளுக்கும் இடையிலான பரஸ்பர ஊடாட்டத்தின் எதிர்பாராப் பக்கவிளைவுகள்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது தமிழோ?"

"தமிழ்தான்."

"இதை எழுதினவவே எழும்பி வந்து வாசிச்சாலும் விளங்காது. அவன் போனில என்ன சொன்னவன்?"

என் கைக்குறிப்பை வாசித்தேன். "ஆமிக்காரன் ஒரு பக்கத்தால வாறான். கிணறு வெட்டுறவன் மற்றப் பக்கத்தால வாறான். ரெண்டு பேரும் ஆளையாள் கேக்கேல்லை. ஊர்ச் சனத்தையும் கேக்கேல்லை."

"அதை எழுதுங்கோ."

அது அறிஞர்களுக்கான கட்டுரை என்றேன். அறிஞர்கள் அந்தியேட்டிக்கு வருகிறார்களா என்று கேட்டார். சனத்துக்கு விளங்கவேண்டும் என்ற சொல்லும் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். அன்றிலிருந்து மைத்துனரின் பேச்சை, இலக்கணப் பிழை நீக்கி, அப்படியே எழுதினேன். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் உரைநடையைத் திருத்தியவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

கட்டுரை ஒரு கிணற்றைப் பற்றியது. சகாராவின் தெற்கு விளிம்பில் ஒரு கிராமம். மோட்டார் சைக்கிள்களில் ஆயுதக்காரர்கள் வந்துபோகத் தொடங்கியதும் அரசு அங்கே ஓர் இராணுவ முகாமை அமைத்தது. அதே ஆண்டில் ஓர் உதவி நிறுவனம் கிணறு தோண்ட வந்தது. கிணற்றுக்கும் பாதுகாப்பு வேண்டுமே என்று, முகாம் வாசலுக்கு எதிரே தோண்டினார்கள். அறிக்கையில் முகாம் ஒரு வெற்றி. கிணறு இன்னொரு வெற்றி. குறை ஒன்றே ஒன்று: தண்ணீர் அள்ள ஒரு பெண்ணும் வரவில்லை. கப்பி பாரமாக இருக்கிறது என்று மாற்றினார்கள். பெண்களுக்குச் சுத்தமான நீரின் அருமை தெரியவில்லை என்று இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். வகுப்புக்கு எல்லோரும் வந்தார்கள். மதியச் சாப்பாடு இருந்தது. கிணற்றுக்கு வரவில்லை. கிணற்றுக் கட்டுக்கு நீல வண்ணம் பூசினார்கள்.

ஆறாம் பக்கத்தில் மைத்துனர் வாசிப்பதை நிறுத்தினார். கத்திச் சத்தமும் நின்றது.

"அத்தான்."

"என்ன?"

"இதில நீங்கள் வாறியள்."

"நான் எப்படி வரமுடியும்?"

"சொல்லுறன், எழுதுங்கோ. 'என்ர மனுசன் தண்ணி விசயம் படிச்ச பேராசிரியர். கிணத்தின்ர அளவுகளை அவருக்குக் காட்டினன். அரை மணித்தியாலம் பாத்துப்போட்டு, இவ்வளவு நல்ல கிணத்தைத் தான் காணேல்லை எண்டார். அப்ப ஏன் ஒருத்தரும் அள்ளேல்லை எண்டு கேட்டன். அது நீரியல் இல்லை எண்டார். நாங்கள் எல்லாரும் விட்ட பிழையை இதைவிடச் சுருக்கமாச் சொல்ல ஏலாது.'"

மறுமுனையில் அவர் சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது. பிறகு பிரெஞ்சில் யாரோ என்னவென்று கேட்க, அவர் சொல்ல, இன்னும் சிலர் சிரித்தார்கள்.

"குறை நினையாதேங்கோ, அத்தான். குசினி முழுக்கச் சிரிக்குது."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அவள் தாள்களை மேசையில் பரப்பினாள். ஊற்றளவு, நீர்மட்டம், இறைத்த பின் மீளும் நேரம் எல்லாம் இருந்தன. நான் சொன்னது உண்மை. இன்றும் சொல்வேன், அது மிகச் சிறந்த கிணறு. அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு, "சரி" என்றாள். நான் இன்னொரு தேத்தண்ணீர் கேட்டேன்.

"உங்களைப் பற்றின அந்தப் பந்தியை வெட்டுங்கோ" என்றார், அதை வாசித்த தமக்கையார். "முப்பத்தோராம் நாளில புருசனைப் பகிடி பண்ணுறதோ? சனம் என்ன சொல்லும்?"

"அவ எழுதினது. இருக்கட்டும்."

இதைத் துணிவென்று சொல்லமாட்டேன். கிளியே என்று கதறும் மூன்று பக்கங்களை விட அந்த ஐந்து வரிகளில் எங்கள் வீடு சரியாக இருந்தது, அவ்வளவே.

கட்டுரையின் முடிவுதான் எனக்குச் சிக்கலாயிற்று. கடைசிப் பந்தியில், முகாமுக்கு முன்னால் அள்ளாத பெண்கள் வேறு எங்கே அள்ளுகிறார்கள் என்று தான் கேட்டதாக எழுதியிருந்தாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். 'நான் மேலும் கேட்கவில்லை' என்பதோடு கட்டுரை முடிந்தது.

"ஒரு பக்கம் விடுபட்டுப்போச்சு போல" என்றேன் மைத்துனரிடம்.

"இல்லை அத்தான். கீழ அக்காவின்ர பேர் கிடக்கு. முடிஞ்சுது."

எனக்கு அது முடிவாகத் தோன்றவில்லை. ஒரு கிராமம் நாள்தோறும் எங்கிருந்தோ தண்ணீர் பெறுகிறது; எங்கிருந்து என்பதே ஆய்வின் முதன்மைத் தரவு. என் மாணவர் ஒருவர் இப்படி முடித்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மூன்று நாட்கள் அவளுடைய கோப்புகளில் தேடினேன். மூன்று வகையான பேனாக்களும், நான் மறந்துபோன என் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்றும் கிடைத்தன. தரவு கிடைக்கவில்லை. வாசகர் அவளைக் குறை சொல்லக்கூடாதே என்று, 'இது தொடர்பான தகவல் பின்னர் சேகரிக்கப்படவிருந்தது' என ஓர் அடிக்குறிப்பு எழுதி வைத்தேன்.

அச்சகம் கிளேட்டனில்தான். நடத்துபவர் தமிழ்நாட்டு இளைஞர். தமக்கையாரும் என்னோடு வந்தார்; புலம்பலையும் வெந்தயத்தையும் அவரே சேர்த்திருந்தார். இளைஞர் திரையில் பக்கங்களை எண்ணினார்.

"சார், நடுவுல பின் அடிக்கிற புக். பக்கம் நாலு நாலாத்தான் வரும். நீங்க இருபத்தேழு வச்சிருக்கீங்க. ஒண்ணு சேருங்க, இல்லன்னா மூணு எடுங்க."

"ஒண்டு சேர்ப்பம்" என்றார் தமக்கையார். "ரசம் வைக்கிற முறை ஒண்டு என்னட்ட இருக்கு."

"வெந்தயம் ஏற்கெனவே இருக்குது, அக்கா" என்றேன்.

"அது நீரிழிவு வருத்தத்துக்கு. இது வாய்க்கு."

இளைஞர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். எவர் பக்கமும் சேராமல், கணினிச் சுட்டியைப் பிடித்த கை நிற்காமல் சொன்னார்.

"ஆன்ட்டி, சாரோட புலம்பல் கரெக்டா மூணு பக்கம் வருது."

தமக்கையார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். கேரம் டவுன்ஸ் கோயில் தேர்த் திருவிழாப் படம் போட்டது.

"எடுங்கோ" என்றார் ஒருவாறு. "ஆரும் கேட்டா, புலவர் எழுதித் தரப் பிந்திப்போச்சு எண்டு சொல்லுவன். ஆனா வெந்தயத்தில கை வைக்கக்கூடாது."

இவ்வாறு புலம்பலை நான் வென்றேன். வெந்தயத்தை வெல்ல முடியவில்லை. அடிக்குறிப்புக்கும் இடமில்லை என்று இளைஞர் சொல்லிவிட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து, கிளேட்டனில் ஒரு மண்டபத்தில் மதிய உணவு. நூறு பேர் வரை வந்திருந்தார்கள். மலரை வாங்கியதும் எல்லோரும் ஒரே வரிசையில் பார்த்தார்கள்: முதலில் கடைசிப் பக்கம், பிறகு படம், பிறகு வம்சாவளியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று. புலவர் மட்டும் நடுவில் விரல் வைத்துப் புரட்டி, திரும்பவும் புரட்டி, என்னை நோக்கினார். நான் சாம்பாரை நோக்கினேன். கட்டுரையை ஒருவரும் திறக்கவில்லை. கொடுத்த வாக்கின்படி அச்சிட்டாயிற்று, வாசிப்பது என் கையில் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பிறகு நடுமேசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏழெட்டுப் பெண்கள் அமர்ந்திருந்த மேசை. எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். 'அது நீரியல் இல்லை எண்டார்' என்ற இடத்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"மனுசன் எண்டது உவரோ?"

"ஓம், உவர்தான்."

"பாவம்."

வாசிப்பு தொடர்ந்தது. பக்கத்து மேசைகள் அடங்கின.

"ஆமிக் காம்புக்கு முன்னால கிணறு வெட்டினா எந்தப் பெட்டை வாளியோட போவாள்? இதுக்கு ஒரு ஆராய்ச்சியோ?"

"ஆராய்ச்சி எங்களுக்கில்லையப்பா. வெட்டினவனுக்கு."

"எங்கட ஊரிலயும் உதுதானே. சந்திக் கிணறு. எவ்வளவு நல்ல தண்ணி. காம்ப் வந்த நாளில இருந்து ஒரு குருவியும் போகேல்லை."

"நீல பெயின்ற் ஒண்டுதான் எங்களுக்கு அடிக்கேல்லை."

மறுபடியும் சிரிப்பு. சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் எழும்பவில்லை. ஆபிரிக்காவின் எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்த மேசைக்கு அருகில் போனேன். அவளுடைய கட்டுரையை இத்தனை பேர் இவ்வளவு கவனத்தோடு கேட்பதால், அதன் குறையை நானே முன்வந்து சொல்லிவிடுவது முறை என்று நினைத்தேன்.

"கடைசியில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. அந்தப் பெண்கள் பிறகு எங்கே அள்ளினார்கள் என்று அவ எழுதேல்லை. கேட்காமல் விட்டிட்டா."

வாசித்த பெண் மலரை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லும் பொறுமையோடு கேட்டார்.

"எழுதினா அதை ஆர் வாசிக்கிறது, சேர்?"

"உதவி நிறுவனம். அந்த நாட்டு அரசாங்கம்."

"அரசாங்கம் எண்டா ஆமி. எழுதின அடுத்த கிழமை அந்த இடத்திலயும் ஒரு காம்ப் வரும்."

"காம்புக்கு முன்னால ஒரு நல்ல கிணறும் வெட்டுவினம்" என்றார் அவருக்கு அடுத்திருந்தவர்.

அந்த மண்டபத்தில் இதை அறியாதிருந்தவன் நான் ஒருவன்தான். கேட்காமல் விட்டது அவளுடைய குறை என்று எழுதி, அதற்காக மன்னிப்பும் கேட்டு அச்சுக்குக் கொடுக்க இருந்தேன். பக்கக் கணக்கு என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

தமக்கையார் சோற்றுக் கரண்டியோடு பின்னால் நின்றார். திரும்பி அவரிடம் கேட்டேன்.

"அக்கா, உங்கட ஊரிலயும் முகாம் வந்ததுதானே. அவ பாரிசுக்குப் படிக்கப் போக முந்தி."

"ஓம். ஒண்டரை வருசம். நானும் அவவும் ஒண்டாத்தான் தண்ணிக்குப் போறனாங்கள். குடம் அவவின்ர இடுப்பில. எனக்கு நாரி நோ, குனிய ஏலாது."

முப்பத்தைந்து ஆண்டுகளில், முகாம் வந்தது என்பதற்கு மேல் இந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதில்லை. கிணற்றின் அளவைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியபோது ஒருவேளை சொல்ல இருந்தாளோ என்னவோ.

"எங்க போனனீங்கள்?"

தமக்கையார் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கதவருகில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். புலவரைப் பார்த்தார். பிறகு என்னை.

"இப்ப அது உங்களுக்கு எதுக்கு, தம்பி?"

நடுமேசைப் பெண்கள் தங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் சிரிப்பில் தோள் குலுங்கியது.

"சும்மா கேட்டனான்" என்றேன்.

"சும்மா கேக்கிறதை விட்டிட்டு இருந்து சாப்பிடுங்கோ. காலமை தொடக்கம் ஒண்டும் வாயில வைக்கேல்லை."

அந்த மேசையில் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். நான் அமர்ந்ததும் பேச்சு ரசத்தில் உப்புக் கூடிவிட்டதா என்பதற்கு மாறியது. ஒரு வாய் எடுத்துப் பார்த்து, கூடவில்லை என்று சொன்னேன். அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.